பச்சை என்று சொல்கிறார்கள்

பச்சை என்றொரு நிறம் இருப்பதாகச் சொல்கிறார்கள். இத்தனை பேர் ஒன்றுகூடிப் பொய் சொல்ல வாய்ப்பில்லை என்பதால் நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன். கடவுள் விஷயத்திலும் என் நிலை ஏறக்குறைய இதுதான்.

நிறத்தைத்தான் பார்த்ததில்லை. சொல்லோடு நல்ல பழக்கம் உண்டு. தமிழர்கள் பச்சை என்று அழைப்பவற்றில் பாதி பச்சையாகவே இல்லை என்பது என் சொந்த ஆராய்ச்சி. பச்சரிசி வெள்ளை. பச்சைக் கற்பூரம் அதைவிட வெள்ளை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சைச் செங்கல் என்பது வெறும் மண். பச்சைக் குதிரை தாண்டுகிற பையன் போட்டிருப்பது காக்கி நிஜார். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று ஈரக் காற்றுப் படாமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் பச்சைக் குழந்தையோ அவரவர் குடும்பத்து நிறத்தில் இருக்கிறது. கடைத்தெருவில் ஒருவன் பச்சை பச்சையாகத் திட்டும்போது அவன் முகம் சிவந்துபோகிறதாம். அதையும் கேள்விப்பட்டதுதான். வெங்காயத்தைப் பச்சை வாசனை போகும்வரை வதக்கச் சொல்கிறார்கள். வாசனைக்கே நிறம் தெரிகிற ஜனங்கள் நடுவில் எனக்கு ஓர் இலையின் நிறம் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், நெருப்பு இன்னும் தொடாதது, காற்று இன்னும் ஆற்றாதது, துணி போட்டு இன்னும் மூடாதது என்று எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். அந்த அர்த்தத்தில் நானும் வெகுகாலம் பச்சையாகத்தான் இருந்தேன். இருபது வயதில், ரயில் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், ஒரு டாக்டர் புள்ளிகள் நிறைந்த புத்தகம் ஒன்றைப் பிரித்து, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். அரைத்த தனியாவைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் தனியா. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, சிவப்பும் பச்சையும் உனக்குப் பிரியாது, பிறவியிலேயே அப்படி, கவலைப்படாதே, மகனுக்கு வராது, மகள் வழிப் பேரனுக்கு வந்தாலும் வரும் என்றார். கல்யாணமே ஆகாதவனுக்குப் பேரன் வரைக்கும் ஜாதகம் கணித்துக் கொடுத்தார்.

வேலை கிடைக்காததற்கு மார்பளவு ஒரு அங்குலம் குறைகிறது என்று வீட்டில் காரணம் சொல்லிவிட்டேன். அம்மா அன்றிலிருந்து தினம் காலையில் ஒரு பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றினாள். அந்தப் பொய்க்கு நான் கொடுத்த தண்டம் அது.

ரயில் கைவிட்ட பிறகு காஞ்சிபுரத்தில் என்ன வேலை கிடைக்கும்? பட்டுக்கடையில் உட்கார்ந்தேன். நிறங்கள் எல்லாம் சேர்ந்து குடியிருக்கிற ஊரில், நிறங்கள் எல்லாம் சேர்ந்து வேலை பார்க்கிற இடத்தில். செவிடன் கச்சேரிக்கு வாசிக்கப் போன மாதிரிதான். ஆனால் ஏழு வருஷம் தாக்குப்பிடித்தேன். காரணம், புடவையின் மடிப்பில் தைத்திருந்த சீட்டு. விலையும், தறிக்காரர் அடையாளமும், நிறத்தின் பெயரும் அழகான கையெழுத்தில் அதில் இருக்கும். மற்றவர்கள் புடவையைப் பார்த்துப் பேசுவார்கள். நான் சீட்டைப் படித்துவிட்டுப் பேசுவேன். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, வாழைக்குருத்து. அத்தனையும் எனக்குச் சுக்குக் காப்பியின் பல பதங்கள். மஞ்சளும் நீலமும் மட்டுமே கண்ணுக்கு உண்மையாக இருந்தன. ஆகையால் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேசுகிறவனுக்குரிய தாராளத்தோடு பேசினேன். மழை விட்ட பிறகு வேப்ப மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியுமே அந்தப் பச்சை, குளத்துப் படியில் நாலாவது படிக்குக் கீழே தண்ணீருக்குள் அசையுமே அந்தப் பச்சை என்பேன். வெளியூர்க்காரர்கள் மயங்கிப் போவார்கள். நானும் மயங்குவேன். மத்தியான வெயில் கூரைக் கண்ணாடி வழியே சாய்ந்து விழ, வெள்ளை விரிப்பில் புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்துகிடக்க, என் குரலையே நான் தூரத்தில் யாரோ சொல்கிற கதை போலக் கேட்டுக்கொண்டிருப்பேன். கடையில் என்னைவிட அதிகமாகப் பச்சை விற்றவர் கிடையாது.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் வாலாஜாபாத். அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்தவர் மகள். அப்போது என் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். என் தரப்புப் பெரியவர் என்றால் முதலாளிதான். கூறைப் புடவை கடையின் சீதனம் என்று அவர் சொல்லிவிட்டார். பெண் வீட்டாரே வந்து பிடித்ததை எடுக்கட்டும். ஆனால் ஒன்று.

"சீட்டையெல்லாம் எடுத்துடுப்பா," என்றார் முதல் நாள் சாயங்காலம். "விலையப் பாத்துக்கினு புடவை எடுத்தா, அவங்க மனசு குறைஞ்சதைத்தான் எடுக்கச் சொல்லும். கடைப் புள்ளைங்க கல்யாணத்துக்கு நம்ம கடையில சீட்டு இருக்கக்கூடாது. எங்கப்பா காலத்து வழக்கம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தத் தண்ணீரோடுதான் கத்தரிக்கோலை எடுத்து, நாற்பது புடவைகளின் சீட்டை என் கையாலேயே வெட்டி எறிந்தேன். நாற்பதாவது சீட்டு தரையில் விழுந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

வெட்டிய சீட்டுகளைப் பொறுக்கி, எது எந்தப் புடவையுடையது என்று ராத்திரியெல்லாம் பொருத்திப் பார்க்கிற அளவுக்குத் தைரியம் இல்லை. அலமாரியில் இருந்த வரிசை ஞாபகம் இருந்தது. பச்சைகளை இடது பக்கமும், அரக்கையும் சிவப்பையும் வலது பக்கமும் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். வரிசை கலையாமல் இருந்தால் மானம் கலையாது.

மறுநாள் வாலாஜாபாத் பஸ்ஸில் மூன்று பேர் வந்தார்கள். பெண், பெண்ணின் அம்மா, அம்மாவின் தம்பி. பெண் நேரில் வந்து உட்கார்ந்து கூறைப் புடவை பார்ப்பது அப்போது அவ்வளவு வழக்கமில்லை. ஆனால் அவள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நூல் விஷயத்தில் அடுத்தவர் கண்ணை நம்பமாட்டாளாம். இதை அவள் மாமா என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் வரிசையை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

அம்மாக்காரி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் என் வரிசை காலி. இடது, வலது, நடு என்று அள்ளி அள்ளிப் பிரித்தார். முந்தியை இழுத்துப் போட்டு, கரையைத் தடவி, அடுத்ததன்மேல் எறிந்து, அதை இன்னொன்றால் மூடி. விரிப்பின் மேல் ஒரே வெள்ளக்காடு. ஜரிகை மட்டும் அங்கங்கே மீன் துள்ளுகிற மாதிரி மின்னியது. மற்றதெல்லாம் எனக்கு அந்தி நேரத்துப் பாலாற்று மணல். அதன் நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளை மட்டும் தெளிவாகப் பார்த்தேன். மஞ்சள் ரவிக்கை போட்டிருந்தாள். நல்ல நிறம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்ளே, பச்சையில ஒண்ணு நல்லதா காட்டுங்களேன்," என்றார் அம்மாக்காரி. "நீங்க பச்சையப் பத்திப் பேசுனா கேட்டுக்கினே இருக்கலாம்னு எங்க ஊர்லயே சொல்லிக்கிறாங்க."

முதலாளி பெருமிதமாகச் செருமினார். நான் குவியலுக்குள் கைவிட்டு, கருப்பாகவும் கனமாகவும் இருந்த ஒன்றை எடுத்தேன். கை சொன்னது, இது பாட்டில் பச்சை என்று. கைக்கு என்ன தெரியும்? புடவையை முன்கையில் போட்டு நீவி, வழக்கம்போல் குரலைத் தாழ்த்தி, மழை விட்டதும் வேப்ப மரத்தடியில் போய் நின்றேன். கிளைகளை அசைத்தேன். ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குத் துளியைச் சொட்டவைத்தேன். அன்றைக்குப் பேசியதுபோல நான் என்றைக்கும் பேசினதில்லை.

முடித்ததும் புடவையை விரிப்பில் பரப்பி வைத்தேன்.

"எங்க ஊர் வேப்ப மரம் இந்தக் கலர்ல இல்லியே மாப்ளே," என்றார் மாமா மெதுவாக. "இது அரக்கு ஆச்சே!"

அம்மாக்காரி என்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். முதலாளிதான் முதலில் சிரித்தார்.

"எங்க புள்ள தமாஷ் பேர்வழிம்மா! கல்யாணக் களையில இப்பிடித்தான் கிண்டல் பண்ணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குவியலிலிருந்து இரண்டு புடவைகளை உருவி, என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல பாசிப்பச்சை எதுங்க?"

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். மற்றவர்களுக்கு எப்படி அமைகிறதோ தெரியாது. நான் இரண்டையும் பார்த்தேன். தயங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று சட்டென்று இடது பக்கத்தைக் காட்டினேன்.

"ம்," என்றாள். இரண்டையும் மடித்து ஓரமாக வைத்தாள். "அம்மா, கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"இன்னாடி இது! இத்தினி பிரிச்சுப் போட வச்சுட்டு?"

"வந்து பாத்துக்கலாம்மா."

சின்ன காஞ்சிபுரத்துக்கு வழிகாட்டியாக நானும் போக வேண்டியதாயிற்று. ஒரு ரிக்‌ஷாவில் அம்மாவும் பெண்ணும், இன்னொன்றில் மாமாவும் நானும். மாமா வழியெல்லாம் கோயில் இட்லியைப் பற்றிப் பேசினார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ பச்சையைக் கொடுத்தவனுக்கு, ஒரே ஒரு பாசிப்பச்சை தப்பாகிப் போனதால் கல்யாணம் நின்றுவிடும் என்பது திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது. மாப்பிள்ளைக்குக் கண்ணில் கோளாறு என்று ஒரு வார்த்தை வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தால் போதும். அங்கிருந்து எல்லா ஊருக்கும் பஸ் உண்டு.

கோயிலில் அம்மாக்காரி, தொட்டால் தோஷம் போகும் என்கிற தங்கப் பல்லியைத் தொடப் படியேறிப் போனார். மாமா மடப்பள்ளிப் பக்கம் ஒதுங்கினார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் கையில் இட்லி இருந்தால் அவருக்குக் காது கேட்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவள் குளத்துப் படியில் உட்கார்ந்தாள். நான் நாலு படி தள்ளி நின்றேன்.

"அது ரெண்டும் பச்சையே இல்ல," என்றாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணு செங்கல் கலரு. ஒண்ணு செம்பு."

நான் ஒரு படி இறங்கினேன்.

"எப்பத்துல இருந்து?"

"பொறந்ததுல இருந்து."

"யாருக்குத் தெரியும்?"

"ஒரு டாக்டருக்கு. இப்ப உங்களுக்கு."

"கல்யாணம் ஆனப்புறம் எங்கிட்ட சொல்றதா இருந்தீங்களா?"

பச்சைப் பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் இரண்டு நாளில் சொல்வதாக இருந்தேன், கடிதம் எழுதிவைத்திருக்கிறேன், அது இது என்று. சொல்லியிருந்தால் அழகாகவும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் படியில் வெயில் வேறு விதமாக விழுந்துகொண்டிருந்தது. குளத்தில் காற்றே இல்லை. கோபுரம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்று தூங்குகிற மாதிரி இருந்தது. கனவில் ஓட நினைத்தும் கால் எழாமல் நிற்பதுபோல் நின்றேன்.

"இல்ல," என்றேன்.

"எப்பவுமேவா?"

"எப்பவும்."

அவள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அதையாவது நெஜமா சொன்னீங்களே," என்றாள். கோபம் குறைந்த மாதிரி தெரியவில்லை. "கண்ணு உங்க தப்பு இல்ல. அரக்கைப் புடிச்சிக்கினு வேப்ப மரம்னு அரை மணி நேரம் பேசுனீங்க பாருங்க, அது உங்க தப்பு. நான் அந்த மரத்தடியில போயி நின்னுட்டேன் தெரியுமா? கண்ணத் தொறந்து பாத்தா அரக்கு."

எனக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தேன்.

"இந்தக் கொளம் உங்களுக்கு எப்பிடித் தெரியுது?" என்று கேட்டாள்.

ஏழு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. சீட்டு இல்லாமல் பதில் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெல்லப்பாகு ஆறிக்கினு இருக்கிற மாதிரி," என்றேன். "ஓரத்துல லேசா ஏடு கட்டியிருக்குது."

அவள் குளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ மணி அடித்து ஓய்ந்தது. ஒரு தவளை விழுந்து பாகு கலைந்து மறுபடி கூடியது.

"எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள். "நான் சொன்னா பொண்ணுக்குப் புடிக்கலன்னு ஆயிடும். மாமா சொன்னா மைக்கு வச்சுச் சொன்ன மாதிரி. உங்க முதலாளிகிட்டயும் சொல்லுங்க."

"வேலை போயிடும்."

"போனா போவுது. ரெண்டு பேருகிட்டயும் சொன்னப்புறம் மீதிய நான் பாக்கறேன்."

அம்மாக்காரி திருப்தியோடு படியிறங்கி வந்தார். சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் கேட்டது இது:

"அப்போ வெண்டைக்கா முத்தலா பிஞ்சான்னு எப்பிடி வாங்குவீங்க?"

"நுனிய ஒடிச்சுப் பாப்பேன்."

"தக்காளி?"

"அமுக்கிப் பாப்பேன்."

"மாங்கா பழுத்துச்சான்னு?"

"மோந்து பாப்பேன்."

"எல்லாரும் அப்பிடித்தானேடா வாங்கறோம்?" என்று இட்லியோடு வந்து நின்ற தம்பியிடம் திரும்பினார். பிறகு முகம் மாறிவிட்டது. குரல் இறங்கியது. "புள்ளைங்களுக்கு வருமா?"

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மகனுக்கு வராது. மகள் வழிப் பேரனுக்கு வரலாம்.

அம்மாக்காரி விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "அதுக்குள்ள நான் இருக்க மாட்டேன்," என்றார். அதில் ஆறுதலா துக்கமா என்று தெரியவில்லை. "அவங்கப்பாவ ஒரு வார்த்தை கேக்கணும்."

"அப்பாவ நான் பாத்துக்கறேன்," என்றாள் அவள். "மொதல்ல கடைக்குப் போவலாம்."

கடையில் முதலாளியிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு புடவையைத் தூக்கிக் காட்டப் போனவர், நடுவிலேயே கையைத் தாழ்த்திவிட்டார். பாவம், என்னைச் சோதிப்பது மரியாதையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஏழு வருஷம்," என்றார். "எங்கிட்டகூடச் சொல்லலியே நீ."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம், "நாளையிலேர்ந்து விரிப்புல உக்காராத. வெளியூருக்குக் கடுதாசி எழுது. புடவை எப்பிடி இருக்குதுன்னு நான் சொல்றேன், நீ எழுது. பேச்ச விட்டா வேறென்ன இருக்குது உங்கிட்ட," என்றார். பத்திரிகைக்கு எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிப் பழகியது அந்தக் கடிதங்களில்தான். அன்றைக்கு அது தண்டனை மாதிரிதான் இருந்தது. இப்போதும் வாசகர்கள் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

விரிப்பில் புடவைகள் நாங்கள் விட்டுப்போனபடியே கிடந்தன. வெயில் சாய்ந்து, கூரைக் கண்ணாடியின் சதுரம் ஒரு மூலைக்கு நகர்ந்திருந்தது. அவள் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் கடைக்காரனாக உட்காருவதா, மாப்பிள்ளையாக நிற்பதா என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்பிடி வாங்க," என்றாள். "உங்க கண்ணுக்கு எது நல்லா இருக்குது? பேரு வேணாம். கைய வைங்க."

"அடியே!" என்றார் அம்மாக்காரி. "கூறைப் புடவைடி! மாப்ளே, கறுப்பு மட்டும் ஆவாதுப்பா, கறுப்பு மட்டும் ஆவாது!"

"கறுப்பு தெரியும்மா," என்றேன்.

உட்கார்ந்து பார்த்தேன். அத்தனை வருஷம் அதே விரிப்பில் உட்கார்ந்து நான் ஒரு புடவையையும் பார்த்திருக்கவில்லை, சீட்டைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மணல்மேடுகள் மெல்ல மெல்லப் பிரிந்தன. ஒன்று ஈரமாக இருந்தது. ஒன்று வைக்கோல் போரின் உட்புறம். ஒன்று புகை. அந்தப் புகைக்கு அடியிலிருந்து, ஒரு முந்தியின் ஓரம், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வானத்தின் அடியில் தெரியுமே, இன்னும் வெளிச்சம் என்று சொல்லமுடியாத ஒன்று, அந்த மாதிரி. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கையை வைத்தேன்.

அம்மாக்காரி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. முதலாளி வாயைத் திறந்து மூடினார்.

"ஏம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தார் மாமா.

"மாமா! பேரு சொல்லக்கூடாது."

அவள் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, முந்தியைப் பிரித்து, தையல் டீச்சர் பார்வையில் இழை இழையாகப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன வந்துபோனது என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது. முகம் சிவந்ததா என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

"இதுவே இருக்கட்டும்," என்றாள்.

"கட்டிக்கினு நிக்கப் போறவ நீ," என்று பெருமூச்சு விட்டார் அம்மாக்காரி. அப்பா சம்மதித்ததாக நாலாம் நாள் தபால் கார்டு வந்தது.

முகூர்த்தத்தன்று அவள் அதைக் கட்டிக்கொண்டு மணமேடைக்கு வந்தபோது பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஆஹாவா ஐயோவா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன நிறம் என்று இந்த இருபத்தைந்து வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வருஷம் ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து மாடியில் வெயில் நேரே படாமல் காயப்போடுவாள். பக்கத்து மாடிக்காரிகள் எட்டிப் பார்த்து, இது என்ன கலர்னு சொல்வீங்க மாமி என்று கேட்பார்கள். நீங்களே சொல்லுங்களேன் என்பாள். ஒருத்தி ஒன்று சொல்வாள், இன்னொருத்தி அப்படியெல்லாம் இல்லை என்பாள், இருவரும் கடைசிவரை ஒத்துப்போக மாட்டார்கள். பெயர் காதில் விழாமலிருக்க, நான் கீழே இறங்கிப் போகிறேன் என்று பேருக்கு எழுந்து, போகாமல், செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி அதன் மேல்விளிம்பு வழியாக அவளையும் புடவையையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.